பொய் சொன்னது கருவியா, காரா?

அறிவியல் கூடத்தில் ஒரே அளவீட்டை மூன்று முறை எடுக்கிறீர்கள். மூன்றும் ஒத்துவந்தால் விடை சரி என்று எழுதிவிடுவீர்களா? தராசின் முள் தொடக்கத்திலேயே தள்ளி நின்றிருந்தால், மூன்று முறையும் கிடைப்பது ஒரே தவறுதான். வாகனப் புகையை அளப்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கே பாதிக்கப்படுவது நம் நுரையீரல்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று டீசல் கார்களில் அளவீட்டுக் கருவியை ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்தனர். முடிவு 2014இல் வெளிவந்தது. இரண்டு ஃபோக்ஸ்வேகன் கார்களில் ஒன்று, வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டது. மற்றொன்று 5 முதல் 20 மடங்கு. ஆய்வுக்கூடத்திலோ அதே கார்கள் வரம்புக்குள் அடங்கியிருந்தன!

எதை நம்புவது? ஆய்வுக்கூடத்தில் சக்கரங்கள் உருளைகள்மேல் சுழலும். புகையைத் தூய காற்றுடன் கலந்து பைகளில் பிடிப்பார்கள். அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் கருவியைச் சரிபார்ப்பார்கள். சாலையில் அதிர்வு, வெயில், மேடு பள்ளம். எனவே சந்தேகம் முதலில் சாலைக் கருவிமீதுதான் விழும். நிறுவனமும் தொழில்நுட்பக் கோளாறு என்றே காரணம் சொல்லிவந்தது. ஆனால் வேறொரு நிறுவனத்தின் மூன்றாவது கார், அதே கருவியில் பெரும்பாலும் வரம்புக்குள் இருந்ததே! அளவீட்டுப் பிழை 35 மடங்கு வராது.

2015 செப்டம்பரில் உண்மை வெளிவந்தது. ஸ்டீயரிங்கின் நிலை, வேகம், காற்றழுத்தம் போன்றவற்றைக் கொண்டு 'இது சோதனை' என்று கண்டுகொள்ளும் மென்பொருள் காருக்குள் இருந்தது. சோதனையின்போது மட்டும் புகைக் கட்டுப்பாடு முழுமையாக இயங்கும். உலகம் முழுவதும் ஏறத்தாழ 11 மில்லியன் வாகனங்களில் இந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், ஆய்வுக்கூட எண் தவறானதல்ல. அங்கே வெளிவந்த புகையை அது சரியாகவே அளந்தது. நமக்குத் தேவைப்பட்டதோ சாலையில் வெளிவரும் புகையின் அளவு.

2017 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய மாடல்களுக்குச் சாலைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. அதோடு சேர்ந்து வந்த சலுகையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டீசல் காருக்கு வரம்பு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம். சாலையில் முதலில் 2.1 மடங்கு, அதாவது 168 வரை அனுமதித்தார்கள், பிறகு 1.5 மடங்கு, 120. கூடுதல் 40 எதற்கு? சாலைக் கருவி பிழை செய்யக்கூடும் என்பதற்காம்.

கருவியின் பிழைக்காகக் குற்றமற்ற நிறுவனத்தைத் தண்டிக்கக்கூடாது என்பது நியாயமே. ஆனால் பிழை இரு பக்கமும் சாயும். 120 என்று காட்டும்போது உண்மை 120ஐத் தாண்டியும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தின் பலன் ஏன் ஒவ்வொரு முறையும் தயாரிப்பாளருக்கே போகவேண்டும்? சாலையில் நடப்பவருக்கு ஏன் இல்லை? 120 போதும் என்று தெரிந்த பொறியாளர் 80க்காக மெனக்கெடுவாரா?

கருவிகள் மேம்பட, சலுகை 1.43 ஆகி, பிறகு 1.1 ஆகச் சுருங்கியது. அதுவும் வேண்டாம் என்பேன். வரம்பு 80 ஆகவே இருக்கட்டும். காரின் அளவையும் கருவியின் பிழை அளவையும் தனித்தனியே அச்சிட்டு, வாங்குபவரிடம் கொடுக்கட்டும்.