கொரிய பேஸ்பால்: கூட்டம் ஆட்டத்துக்கா, கேலரிக்கா?

தென்கொரியாவின் மக்கள்தொகை ஐந்து கோடியைச் சற்றே தாண்டும். அங்கே 2025 சீசனில் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் பதிவான பார்வையாளர் எண்ணிக்கை 1.2 கோடிக்கும் மேல். ஒரே ஆள் பத்து தடவை போயிருப்பார் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மலைப்பான கணக்குதான். 2024-ல்தான் முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியிருந்தார்கள். செல்போனிலேயே பார்த்துவிடக்கூடிய ஆட்டத்துக்கு, ஆபீஸ் முடிந்து களைத்துப்போன ஜனம் ஏன் இப்படி அடித்துப்பிடித்து ஓடுகிறது? ஆட்டம் அவ்வளவு பிரமாதமா என்றால், அமெரிக்க, ஜப்பான் லீக்குகள் தரத்தில் ஒரு படி மேல் என்று கொரிய ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். சூட்சுமம் கேலரியில் இருக்கிறது.

சியோலின் ஜம்சில் மைதானத்தையே எடுத்துக்கொள்வோம். எல்ஜி ட்வின்ஸ், டூசான் பியர்ஸ் என இரண்டு பரம வைரிகளுக்கும் அதுதான் சொந்த வீடு. வார நாட்களில் மாலை ஆறரைக்கு ஆட்டம் தொடங்கும், திங்கள் விடுமுறை. ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு உண்டு. அவர் மட்டையோடு வந்து நின்றதும் முரசு அதிரும், கேலரிக்கு நடுவே மேடை போட்டு நிற்கும் 'உற்சாகத் தலைவர்' கையை உயர்த்துவார், ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடுவார்கள். தன் அணி பேட் செய்யும்போது மட்டும்தான் இந்த ஆர்ப்பாட்டம். எதிரணியின் முறை வந்துவிட்டால் உட்கார்ந்து சிக்கனைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நேரம் எதிர்ப்பக்கக் கேலரி எழுந்து நிற்கும். பேஸ்பால் விதி ஒன்றுகூடத் தெரியாதவர்களும் மூன்று மணி நேரம் சலிக்காமல் உட்கார்ந்திருக்கும் ரகசியம் இதுதான்.

ஊருக்கு ஊர் மரபு மாறும். பூசானின் சாஜிக் மைதானத்தில் பந்து கேலரிக்குப் பறந்து வந்து, பெரியவர் யாராவது பிடித்துவிட்டால், அவ்வளவுதான். "அஜுரா!" என்று சுற்றியிருப்பவர்கள் கத்துவார்கள். 'குழந்தைக்குக் குடு' என்று அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் அர்த்தம். குடுக்காமல் தப்பிக்க முடியாது. குப்பை போடக் கொடுத்த ஆரஞ்சு நிறப் பையை ஊதித் தலையில் கட்டிக்கொள்வதும் ஒரு காலத்தில் அவர்களின் அடையாளமாக இருந்தது. டேஜான் நகரின் ஹன்வா ஈகிள்ஸ் ரசிகர்கள் வேறு ரகம். கோப்பையை வென்றது 1999-ல் ஒரே ஒரு முறை. 2020-ல் தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோல்வி. அப்போதும் கேலரியை விட்டு நகரவில்லை. அந்தப் பொறுமைக்காக நாடே அவர்களுக்கு 'போதிசத்துவர்கள்' என்று பட்டம் கொடுத்துவிட்டது. எட்டாவது இன்னிங்ஸில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, வெறும் தொண்டையால் தங்கள் அணியே வலிமையானது என்று முழங்குவார்கள். பல ஆண்டுகள் அணி கடைசி இடத்தில் கிடந்தபோதும் இதே முழக்கம்தான்!

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடி பாட்டிலும் டப்பாவும்தான் ஆகாது. முதுகில் பீர் பீப்பாயைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வந்து ஊற்றித் தருகிற பையன்கள் உண்டு. 2016-ல் அரசு அதற்குத் தடைபோடப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டது ஒரு சர்வாதிகாரி என்பதுதான் வேடிக்கை. 1982 மார்ச்சில் ஆறு அணிகளோடு இந்த லீக் தொடங்கியபோது முதல் பந்தை வீசியவர் ராணுவ ஆட்சியாளர் சுன் டூ-ஹ்வான். ஜனங்களின் கவனத்தை அரசியலிலிருந்து திருப்பும் ஏற்பாடு என்று அப்போதே பேச்சு அடிபட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1980 மே மாதம், குவாங்ஜு நகரில் ஜனநாயகம் கேட்டு எழுந்தவர்களை ராணுவம் சுட்டுத் தள்ளியிருந்தது. அந்த ஊர் அணியான ஹைதாய் டைகர்ஸ் 1983 முதல் 1997 வரை ஒன்பது முறை கோப்பையை வென்றது. தெருவில் நாலு பேர் கூடினால் அடிவிழும் காலத்தில், ஊரே ஒன்றாகக் கூடிக் குரலெடுத்து அழவும் கத்தவும் கிடைத்த ஒரே இடம் கேலரிதான். எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங்கின் பெயரை அங்கே முழங்கினார்கள். பின்னாளில் அவரே அதிபரானார். கவனத்தைத் திருப்பக் கட்டிய இடத்தை மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்றும் மே 18 அன்று குவாங்ஜுவில் ஆட்டம் நடந்தால், முரசும் நடனமும் இருக்காது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் இப்போது ஒரு சத்தமில்லாத வெளியேற்றம் நடக்கிறது. டிக்கெட் கிட்டத்தட்ட முழுக்க ஆன்லைனுக்குப் போய்விட்டது. சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு முன்பதிவில் முன்னுரிமை. மிச்சம் மீதி, பொது விற்பனை திறந்த சில நிமிடங்களில் காலி. கணினி நிரலை ஏவி அள்ளிக்கொண்டு பிளாக்கில் விற்கிறவர்கள் வேறு. நாற்பது ஆண்டுகளாக அதே அணிக்குக் கத்திய தாத்தா, கவுன்ட்டர் வரை வந்து 'எல்லாம் தீர்ந்துவிட்டது' என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். சில அணிகள் முதியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் டிக்கெட்டை மைதானத்திலேயே விற்கத் தொடங்கியிருப்பது நல்ல காரியம். ஆனால் அதை அணிகளின் கருணைக்கு விடாமல், ஒவ்வொரு ஆட்டத்திலும் குறிப்பிட்ட பங்கு கவுன்ட்டரில் விற்கப்பட வேண்டும் என்று லீக்கே விதியாக்குவதுதான் முறை. இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், பெருமளவில் வருவது மகிழ்ச்சியே. அதற்கு விலையாகத் தாத்தாவின் இருக்கை போக வேண்டியதில்லை.

கூட்டத்தை உள்ளே விடுகிறவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2025 மார்ச் 29 அன்று சாங்வான் நகர மைதானத்தில், கட்டடத்தின் வெளிப்புறத்தில் பொருத்தியிருந்த உலோகத் தடுப்பு பெயர்ந்து ரசிகர்கள் மீது விழுந்தது. இருபதுகளில் இருந்த ஒரு பெண் இரண்டு நாள் கழித்து உயிரிழந்தார். 2019-ல் திறந்த, புத்தம் புதிது என்று சொல்லத்தக்க மைதானம் அது. பராமரிப்பு யார் பொறுப்பு என்று அணித் தரப்பும் நகராட்சித் தரப்பும் மாறி மாறிக் கைகாட்டின. மைதானம் இரண்டு மாதம் மூடிக்கிடந்தது, அந்த அணியின் ஆட்டங்களில் சில உல்சானுக்கு மாறின. ஆட்டம் பார்க்கப் போன பெண் வீடு திரும்பவில்லை. பொறுப்பு யாருடையது என்று டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்தால்கூடத் தப்பில்லை.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: டிக்கெட் தளங்கள் பெரும்பாலும் கொரிய செல்போன் எண் கேட்கும் என்பதால், அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஜம்சிலில் சொந்த அணி ரசிகர்கள் முதல் பேஸ் பக்கம், எதிரணி மூன்றாம் பேஸ் பக்கம். வேறு சில ஊர்களில் இது தலைகீழ், விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. கத்த ஆசையிருந்தால் மேடைக்கு அருகே ஆரஞ்சு வரிசை. சிக்கனமாகப் பார்க்க அவுட்ஃபீல்டு. 2026 சீசனோடு ஜம்சிலை மூடி இடித்துவிட்டு, 2032-ல் கூரை போட்ட மைதானமாகத் திறப்பதாகத் திட்டம். அதுவரை இரு அணிகளும் பக்கத்திலிருக்கும் ஒலிம்பிக் மைதானத்தில் ஆடும். 1982 முதல் நிற்கும் அந்தப் பழைய கேலரியில் உட்கார வேண்டும் என்றால், மெட்ரோ 2-வது தடத்தில் 'ஸ்போர்ட்ஸ் காம்ப்ளக்ஸ்' நிலையத்தில் இறங்குங்கள். சிக்கன் வாசனையே வழி காட்டும்.