மேகம் இருக்கிறது, கண்மாய் எங்கே?

"தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்து விடுவேன்!" — பிடிக்காத குமாஸ்தாவை மேலதிகாரி மிரட்டுவதற்கென்றே நம் நாட்டில் வழங்கிவரும் வாசகம் இது. அந்தக் காடு எது? பழைய இராமநாதபுரம் சீமைதான். அதிலிருந்து 1985-இல் பிரிந்து இன்று விருதுநகர் மாவட்டமாக விளங்கும் பகுதியில், அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அந்த வாசகத்தின் சூட்டை இன்றும் சுமந்து நிற்கின்றன. வானம் பார்த்த பூமி! ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு; பெய்யாவிட்டால் குண்டாற்றில் மணல்தான் ஓடும்.

ஆயினும் தோழர்களே, இந்த மண்ணின் மக்கள் வானத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கண்மாய் வெட்டினார்கள், ஊருணி தோண்டினார்கள், வரத்துக்கால் இழுத்தார்கள், மடை கட்டினார்கள். மேகம் என்பது நம் கையில் இல்லாதது. கண்மாய் என்பது நம் கையில் இருப்பது. இந்த உண்மை பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவனுக்கும் தெரியும். ஆனால் கோடி கோடியாகப் பணம் புரளும் கம்பெனிகளுக்குத் தெரியவில்லை. படித்துப் பட்டம் பெற்ற நிர்வாகிகளுக்குத் தெரியவில்லை. சில சர்க்கார்களுக்கே தெரியவில்லை!

என்ன நடந்தது என்று பாருங்கள்.

குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை ஒன்று உண்டு. நயாரா எனர்ஜி என்பது அதை நடத்தும் கம்பெனியின் பெயர். நாடெங்கும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் நிலையங்கள் அதற்கு இருக்கின்றன. அதன் பங்குகளில் 49 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் வைத்திருக்கிறது. 2025 ஜூலை 18-ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆலையின் மீது தடை விதித்தது. நான்கு நாள் கழித்து, ஜூலை 22-இல், அமெரிக்க மைக்ரோசாஃப்ட் கம்பெனி நயாராவுக்கு அளித்துவந்த சேவைகளை நிறுத்தியது. அத்தனை ஊழியர்களின் மின்னஞ்சலும் முடங்கிற்று! வாங்கிய கடிதம், எழுதிய கடிதம், ஒப்பந்தம், கணக்கு எதையும் திறக்க முடியவில்லை. "முழுப் பணமும் கட்டியிருக்கிறோமே!" என்று கதறியபடி கம்பெனி டெல்லி உயர்நீதிமன்றப் படியேறியது. ஜூலை 30-இல் சேவை திரும்பிற்று.

இந்தியச் சட்டம் தடை சொல்லவில்லை, இந்திய நீதிமன்றம் உத்தரவு போடவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒரு தீர்மானம். ரெட்மண்டில் ஒரு பொத்தான். வாடினாரில் விளக்கு அணைந்தது! நயாரா முதலாளிகளுக்காகக் கண்ணீர் வடிப்பது நம் வேலையன்று. பெரும் பணம் படைத்த கம்பெனிக்கே இக்கதியென்றால், மாதக் கூலிக்காரனின் கடிதத்துக்கு யார் காவல் என்று கேட்பதே நம் வேலை.

இது எப்படி நேர்ந்தது என்று சற்று விளக்கமாகப் பார்ப்போம். அலுவலக மேசையில் உள்ள கணினியில் கடிதங்களைப் பார்க்கிறோம். அவை அங்கேயே இருப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. அவை இருப்பது எங்கோ தொலைவில் உள்ள கம்பெனியின் கிடங்கில். அதற்குத்தான் 'மேகம்' என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். மேசைக் கணினி வெறும் சன்னல். சில ஏற்பாடுகளில் கடந்த ஓராண்டுக் கடிதங்கள் போல ஒரு பகுதி மட்டும் கணினியில் நகலாக இருக்கும். பழைய கடிதங்களை 'ஆவணக் காப்பு' என்று தனி அறையில் போட்டுவிடுவார்கள். அந்த அறையோ இணையம் இருந்தால்தான் திறக்கும். ஆக, எந்தப் பழைய கடிதம் வழக்குக்கும் தகராறுக்கும் தேவையோ, அதுதான் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கணினியில் இருக்கும் அந்த நகலும் கண்ணாடியில் தெரியும் முகம் போன்றது. அங்கே கிடங்கில் அழித்தால், அடுத்த முறை இணைப்பு வந்ததும் இங்கேயும் அழிந்துவிடும். கண்ணாடி பிம்பம் காப்பு ஆகாது. தனியே எடுத்து, தனியே பூட்டி, இணைப்பு இல்லாமலே படிக்கும்படி வைத்ததுதான் காப்பு.

தென்கொரியாவின் கதை இதைவிடக் கொடுமை. அங்கே சர்க்கார் ஊழியர்கள் கோப்புகளைத் தங்கள் கணினியில் வைக்காமல் மையக் கிடங்கில் வைக்கும்படி ஏற்பாடு. 2025 செப்டம்பர் 26-இல் டேஜான் நகரத்து மையத்தில் மின்கலத்தில் தீப்பிடித்தது. 858 டெராபைட் ஆவணம் எரிந்து போயிற்று. வேறிடத்தில் நகல் உண்டா? இல்லை! 'அளவு பெரிது, நகலெடுக்க இயலவில்லை' என்றார்கள். கண்மாய் பெரிது என்று கரை கட்டாமல் விட்டவன் கதையன்றோ இது!

இதற்கு மாறான பாடமும் உண்டு. 2011 பிப்ரவரியில் கூகுள் கம்பெனியின் ஜிமெயிலில் ஒரு பிழை. ஒரு சிறு பகுதியினரின் கடிதப்பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. பல இடங்களில் வைத்திருந்த நகல்களையும் அந்தப் பிழை விடவில்லை. கடைசியில் எது காப்பாற்றியது தெரியுமா? இணைப்பில்லாமல் தனியே வைத்திருந்த காந்த நாடாக்கள்! மேகத்தை விற்கும் வியாபாரியே தன் வீட்டில் குலுக்கை வைத்திருக்கிறான். வாங்கும் நாம் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறோம்.

"ஆலைத் தொழிலாளிக்கும் மின்னஞ்சலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டைத் தேநீர்க் கடையிலே ஒரு தோழர் சொன்னதைக் கேளுங்கள். பத்தாண்டுகளாக ஒரு கம்பெனியின் கிடங்கில் கணக்கு எழுதியவர். ஒரு நாள் காலையில் "நாளை முதல் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மாலைக்குள் அவருடைய மின்னஞ்சல் கணக்கும் மூடப்பட்டது. மிகைநேர வேலைக்கு மேலாளர் ஒப்புதல் தந்த கடிதமும், விடுப்புக்கு அனுமதி தந்த கடிதமும், சம்பள உயர்வுக்கு வாக்களித்த கடிதமும் அந்தப் பெட்டிக்குள்ளே! "சாட்சி எங்கே அண்ணாச்சி என்று கேட்கிறார்கள். சாட்சி இருக்கிறது, சாவி அவர்களிடம் இருக்கிறது" என்றார் அந்தத் தோழர்.

மளிகைக் கடையில் பற்று வைக்கும் நம் தாய்மார்கள் கடைக்காரர் நோட்டை மட்டும் நம்புவதில்லை. தங்கள் கையிலும் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். இரண்டும் ஒத்தால்தான் கணக்கு நேர். அந்த இரண்டாவது நோட்டைத்தான் நாம் கேட்கிறோம்.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஆவணத்தை மின்வடிவில் வைக்கலாம் என்று அனுமதிக்கும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, அது பின்னாளில் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை போடுகிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், 'தகவல்' என்பதற்குள் மின்னஞ்சலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மத்திய சர்க்கார் ஊழியர்களில் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் மின்னஞ்சல், தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ கம்பெனியின் தளத்துக்கு மாறியதாக 2025-இல் செய்தி வந்தது. கிடங்கு நம் நாட்டுக்கு வந்தது நல்லதுதான். ஆனால் கிடங்கு அயலானுடையதா அண்டை வீட்டானுடையதா என்பது ஒரு கேள்வி. நம் வீட்டில் குலுக்கை உண்டா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை வந்ததால் இரண்டாவது தீர்ந்துவிடாது.

எதிர்வாதம் செய்வோர் மூன்று சொல்வார்கள்.

"ஆளுக்கொரு நகல் கொடுத்தால் இரகசியம் கசியுமே!" — நியாயமான அச்சம்தான். கணினி திருடு போகலாம். ஆகவே நகலை மறைகுறியிட்டுப் பூட்டியே தரவேண்டும். யாருக்கு எந்தக் கடிதம் உரியதோ அது மட்டுமே அவர் கைக்குப் போகவேண்டும். கம்பெனியின் விலைப்பட்டியலை நாம் கேட்கவில்லை. நம் கூலிக் கடிதத்தைக் கேட்கிறோம்.

"ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் இணைப்பு திணறுமே!" — திணறும்தான். கண்மாயில் எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்குச் சொட்டு நீர் போகாது. அதற்காக நம் முன்னோர் மடையையே அடைத்துவிட்டார்களா? முறை வைத்தார்கள்! நீர்ப்பாய்ச்சி நின்று வயல் வயலாகத் திருப்பினார். அதே போல முதலில் ஒரு சிறு பிரிவுக்குக் கொடுத்து, குறை கண்டு திருத்தி, பிறகு பிரிவு பிரிவாக இரவு நேரத்தில் இறக்கட்டும். கடைசிப் பந்தியில் உட்காரும் கிளை அலுவலகக்காரனுக்கும் இலை போடவேண்டும், அதுதான் முக்கியம்.

"செலவு ஆகுமே!" — ஆகும். கண்மாய்க்குக் கரை கட்டவும் செலவுதான் ஆயிற்று. கரை கட்டாத ஆண்டில் ஆன செலவைக் கணக்குப் பார்த்தவர்கள் இந்த வாதத்தைச் சொல்லமாட்டார்கள்.

எனவே தொழிற்சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் மூன்று கோரிக்கைகளைச் சேர்க்கவேண்டும். ஒன்று: நியமனம், சம்பளம், வருகை, விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய ஒவ்வொரு கடிதத்தின் நகலும், இணைய இணைப்பு இல்லாமல் திறக்கும் வடிவில், தொழிலாளியிடம் இருக்கவேண்டும். இரண்டு: வேலையிலிருந்து நீக்கினாலும் விலகினாலும், கணக்கை மூடுமுன் அவருக்குரிய கடிதங்களை ஒப்படைக்கவேண்டும். மூன்று: நிர்வாகத்தின் பழைய ஆவணங்களுக்கு வேறோர் ஊரில் தனி நகல் இருக்கவேண்டும், அது உண்மையிலேயே திறக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை சோதிக்கவேண்டும். தூர் வாராத கண்மாயும் சோதிக்காத நகலும் ஒன்றே!

கோரிக்கை நிறைவேறும்வரை கிளைத் தோழர்கள் சும்மாயிருக்க வேண்டியதில்லை. உங்கள் சம்பளச் சீட்டையும் வருங்கால வைப்புநிதிப் பாஸ்புத்தகத்தையும் இறக்கி, அச்செடுத்து, ஒரு கோப்பில் போடுங்கள். உங்கள் பெயருக்கு வந்த நிர்வாகக் கடிதங்களை, விதி இடம் தரும் அளவில், முழுமையாகச் சேமியுங்கள். வெறும் படம் பிடித்த தாள் எப்போதும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதற்கு மூலக் கோப்பு கையில் இருப்பது பெரும் பலம். தெரியாத தோழருக்குத் தெரிந்த இளைஞர் ஒரு மாலை உட்கார்ந்து செய்து கொடுக்கட்டும். சங்க அலுவலகத்தில் அதற்கென ஒரு மேசை போடுங்கள்.

தண்ணியில்லாக் காடு என்று நம்மை ஏளனம் செய்தார்கள். அந்தக் காட்டில் பிறந்தவனுக்குத்தான் சேமிப்பின் அருமை தெரியும். மேகம் வரட்டும், வரவேற்போம். ஆனால் மேகம் வருமுன் கரையைப் பலப்படுத்துவோம்!