மண்ணா குற்றவாளி?

2021 நவம்பர் 23ஆம் நாட் காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியிற் பள்ளிச் சிறுவரை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்தது. ஆறு உயிர்கள் அன்றே போயின. பழைய பாலத்தை அகற்றிவிட்டுப் புதியதை எழுப்பாது காலங்கடத்தியதற்குச் சிறுவர் கொடுத்த விலை அது. பாலம் கேட்டாலும், கரையரிப்பைத் தடுக்க அணைசுவர் கேட்டாலும், “பணமில்லை, சீமெந்து விலை ஏறிவிட்டது” என்பதே இம்மாவட்டத்து மக்கள் கேட்டுப் புளித்த சமாதானம்.

நாம் ஒன்று கேட்கிறோம். பாலமென்பது நீரில் நிற்கும் தூண் மட்டுமா? இரு கரையிலும் அதற்கு ஏறும் மேட்டுவழியும் பாலமேயன்றோ? அவ்வழியைத் தாங்கும் சுவர் முழுவதும் கொங்கிறீற்றாகவே இருத்தல் வேண்டுமென விதித்த சட்டம் எது?

1960களில் ஹென்றி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் வேறொரு வழியை உலகுக்குக் காட்டினார். மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மீதும் உலோகப் பட்டிகளைக் கிடத்தி, உருளையால் இறுக்கினால், மண்ணுக்கும் பட்டிக்கும் இடையிலான உராய்வே மேட்டைச் சரியவிடாது பிடித்துக்கொள்ளும். முகப்புக்கு மெல்லிய பலகம் போதும். ஐந்து மீற்றர் உயரச் சுவருக்குப் பின்புறம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் நீளப் பட்டி என்பது வழக்கிலுள்ள கணக்கு. சுவரின் பெரும்பங்கு உள்ளூர்க் கிறவலே. கொங்கிறீற்றுக்கோ மகாவலி மணல் வேண்டும். கடல்கடந்து வரும் கிளிங்கர் வேண்டும். கொட்டியாரக் குடாவில் விழும் அந்நதியின் மடியைச் சுரண்டியது போதாதா?

எதிர்வாதத்தை நாம் மறைக்கவில்லை. வயற்களி இதற்கு உதவாது. நுண்துகள் மிகுந்த மண் நீரைத் தேக்கிச் சுவரைத் தள்ளும். உப்பேறிய கடலோர மண்ணில் இரும்புப் பட்டி துருப்பிடிக்கும். அங்கே பொலிமர் வலையே பொருந்தும். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20இல் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கியதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் நூற்றாண்டுகளாக நீரைத் தாங்கி நின்றதும் அதே மண்தானே! மண்ணைச் சோதியாமலும் நீர்க்கசிவைக் கண்காணியாமலும் விடலாகாது என்பதற்கே கந்தளாய் சாட்சி. மண்ணே ஆகாது என்பதற்கு அன்று.

உள்ளூர் மண் என்றவுடன் ஏழை உழவனின் மேட்டுக்காணியை வெட்டி அள்ள வாகனம் அனுப்புவோரும் உளர். அவர்களுக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியவளச் சட்டத்தை நினைவூட்டுகிறோம். உத்தரவுப்பத்திரமின்றி ஒரு கூடை கிறவலும் விற்பனைக்கு எழும்பலாகாது.

அடுத்த கேள்விப்பத்திரத்தில் கொங்கிறீற்றுச் சுவருக்கும் வலுவூட்டிய மண்சுவருக்கும் தனித்தனியே விலை கோருக! எந்தக் குழியின் மண், அதில் எவ்வளவு களி, எவ்வளவு உப்பு என்ற சோதனை முடிவை மூன்று மொழியிலும் மாவட்டச் செயலகத்து அறிவித்தற் பலகையில் ஒட்டுக! இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்த பின்னர், பணமில்லை என்று சொல்ல வருவோர் வரட்டும்.