திட்டினால் தையல் நேராகாது

"நாலு வார்த்தை திட்டினால்தான் லைன் ஓடும்." மாதனூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை ஷூ கம்பெனிகளில் பலருக்கு இது வேதவாக்கு. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழியின் கம்பெனி வடிவம். மனிதாபிமானம் ஒருபுறம் இருக்கட்டும். உற்பத்திக் கணக்கிலேயே இது நஷ்டம் என்கிறேன்.

தோல் துணியல்ல. துணியில் தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய துளை மறையாது. அதனால் தப்பை முதல் பீஸிலேயே பிடித்தாக வேண்டும். அதை முதலில் பார்ப்பவர் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண். "கண்ணை எங்க வெச்சிருக்க?" என்று நேற்று எல்லார் முன்னாலும் கத்திய சூப்பர்வைசரிடம் இன்று அவர் போய்ச் சொல்வாரா? பீஸைக் கட்டுக்குள் செருகிவிட்டு அடுத்ததை எடுப்பார். தரம் பார்க்கும் க்யூசி மேசையில் தெரியவரும்போது கட்டே கெட்டிருக்கும்.

அது அவருடைய தப்பாக இல்லாமலும் இருக்கலாம். தோலின் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங் மெஷினில் கத்தி மழுங்கினால் ஓரம் தடித்து நிற்கும். மடித்து ஒட்டிய இடம் மேடாகும். அங்கே தையல் விலகும். "உனக்குத் தைக்கவே தெரியல" என்றால் பேச்சு அதோடு முடிந்தது. "இந்த வளைவுல தையல் விலகுதும்மா, எதனால?" என்று கேட்டால் கத்திவரை போய்ச் சேரலாம்.

இனிக்க இனிக்கப் பேசச் சொல்லவில்லை. "பார்த்துப் பண்ணும்மா" என்பதும் வீண் பேச்சே. எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று அதில் ஒன்றுமில்லை.

டார்கெட் கழுத்தை நெரிக்கும்போது வார்த்தையை அளந்து பேச முடியுமா என்பார்கள் சூப்பர்வைசர்கள். மேலே வாங்கிய திட்டைத்தான் அவர்கள் கீழே இறக்குகிறார்கள். ஆகவே திருத்தம் மேலிருந்தே தொடங்க வேண்டும். திட்டை வெறும் கண்டிப்பு என்று ஒதுக்கவும் முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கை, மனத்துக்கு இழைக்கும் தீங்கையும் பணியிட வன்முறையில் சேர்த்து 2019-லேயே வரையறுத்துவிட்டது. 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம், ஆயத்த ஆடைத் தொழிலாளர்களில் சிலருக்கே பயிற்சி கொடுத்து, தளத்தில் நடக்கும் துன்புறுத்தலைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை ஒப்படைத்தது. துணி ஆலையில் முடிந்தது தோல் கம்பெனியில் முடியாதா?

முதல் படிக்குச் செலவே இல்லை. தப்பைத் தானாக வந்து சொன்னவரைத் திட்டக்கூடாது என்று ஒரே ஒரு விதி போடுங்கள். அதை மேனேஜர் முதலில் கடைப்பிடிக்கட்டும். மழுங்கிய கத்தியைப் பற்றிய சேதி, கட்டு கெடும் முன்பே வந்து சேரும்.