பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறவன் வெட்டிப்பயலா?

"காலேஜ் படிக்கிற வயசுல பொம்மைக்குப் பெயின்ட் அடிச்சிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு ரோபோ பொம்மையைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, நிறம் மாற்றி, உடைந்த கைக்குப் பதிலாக ரெசினில் புதுக் கை வார்த்துப் பொருத்துகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. கேட்பவர் கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால், "அதுவும் எவனோ பண்ண டிசைன். இதுல உன்னோடது என்ன இருக்கு?" என்று இன்னொரு குத்தும் விழும்.

கேட்பவர் வீட்டு ஷோகேஸைப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு சுடுமண் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். "நம்ம ஊரு கைவேலை" என்று விருந்தாளிக்குக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளையார் எப்படிப் பிறந்தார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மண்ணாடிப்பட்டு கொம்யூனில் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் இருக்கிறது. சுடுமண் சிற்பக் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். நல்ல விஷயம். ஆனால் விருது வந்த பிறகு கை தட்டுவதற்குப் பெரிய ரசனை எதுவும் தேவையில்லை. விருது எதுவும் வராத கை ஒன்று பக்கத்து வீட்டுத் திண்ணையில் அழுக்காக வேலை செய்துகொண்டிருக்கும்போது என்ன சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. அப்போது சொல்வது, "வெட்டிப்பய".

சரி, இரண்டு வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அச்சில் செய்யும் மண் பொம்மைக்கு முதலில் ஒரு மூல உருவம் வேண்டும். அதிலிருந்து முன்பாதி, பின்பாதி என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு அச்சு எடுப்பார்கள். பதமான களிமண்ணை இரண்டு பாதியிலும் அழுத்தி, ஓரத்தில் களிமண் குழம்பு தடவிச் சேர்ப்பார்கள். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதால் மண் தானாக அச்சை விட்டுக் கழன்று வரும். பிறகு தையல் போல ஓடும் ஒட்டுக்கோட்டைச் சீவி, காயவைத்து, சூளையில் சுட வேண்டும்.

இப்போது ரோபோவின் கை. பாதிக் கையைக் களிமண்ணில் புதைக்கிறோம். சுற்றிலும் அட்டையில் சுவர். இரண்டு பாதியும் பின்னால் பிசகாமல் பொருந்த, களிமண்ணில் அங்கங்கே சின்னக் குழிகள். மேலே சிலிக்கான் ரப்பரை ஊற்றுகிறோம். அது இறுகியதும் திருப்பிப்போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, ரப்பர்மேல் வேசலின் தடவி, மறுபாதிக்கும் ஊற்றுகிறோம். வேசலினை மறந்தால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அச்சு காலி. பிறகு பாலியூரித்தேன் ரெசினை இரண்டு பாட்டிலிலிருந்தும் அளந்து கலந்து ஊற்ற வேண்டும். கலந்த சில நிமிடத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும். கடைசியில் அதே ஒட்டுக்கோட்டைச் சீவும் வேலை.

வித்தியாசம் எங்கே? மண் காய்ந்து சுடும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். குயவர் அந்தக் கணக்கை மனசில் வைத்துத்தான் அச்சையே பெரிதாகச் செய்கிறார். ரெசின் மிகக் கொஞ்சமே சுருங்கும், ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் வாயுவைக் கக்கிக் குமிழ் குமிழாக நுரைத்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் சூளை போடுகிறவருக்கு என்ன தலைவலியோ, அதே தலைவலி ரெசின் ஊற்றுகிறவனுக்கும். இரண்டு பேருமே வானத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். ஒருவர் கலைஞர், இன்னொருவன் வெட்டிப்பயல் என்றால் எப்படிங்க?

"ஆனா அது பாரம்பரியம், இது பிளாஸ்டிக்" என்பீர்கள். ரெசின் நம் ஊருக்குப் புதுசா என்ன? கடற்கரைப் பக்கம் போனால் மீனவர்களின் ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கும். அவை பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழையும் சேர்ந்தவைதான். ஓட்டை விழுந்தால் அதே ரெசினை வைத்துத்தான் அடைக்கிறார்கள். படகுக்குப் போட்டால் தொழில், பொம்மைக்குப் போட்டால் பைத்தியமா?

அடுத்து அந்தக் காப்பி குற்றச்சாட்டு. ரோபோ பொம்மைகளின் வரலாறே அச்சும் நிறமும்தான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று நாம் கொண்டாடுகிற பொம்மைகள் பலவும் ஜப்பானில் டகாரா கம்பெனி டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசைகளில் ஏற்கெனவே விற்றவை. 1984-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி, புதுப் பெயரும் கதையும் கொடுத்து இறக்கியது. அந்த வருடம் வந்த ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூன்றும் ஒரே அச்சில் வந்த போர் விமானம். நிறம் மாறியது, ஆளே மாறிவிட்டான். இந்தியாவிலும் 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை உரிமத்தோடு செய்தது. அச்சு அங்கிருந்து வந்தது, பல பொம்மைகளின் நிறம் மட்டும் நம்மூர்த் தினுசு. இன்றைக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் அந்த விநோத நிறத்துக்காகவே அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். கம்பெனி நிறம் மாற்றினால் வியாபாரம், நாம் மாற்றினால் காப்பி!

அவ்வளவு தூரம் போவானேன். ஊர் எல்லையில் நிற்கிற அய்யனாரைப் பாருங்கள். முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் ஆயுதம், பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் குதிரை. (உலகத்துக்கு ராட்சத ரோபோ வருவதற்கு முன்பே நம்மிடம் ஆள் இருந்தார்.) திருவிழா வந்தால் அவருக்குப் புதுப் பெயின்ட். போன தடவை பச்சையாக இருந்த சேணம் இந்தத் தடவை சிவப்பாக இருக்கும். மூலச் சிற்பியின் டிசைனைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாராவது சண்டை போட்டதுண்டா?

இங்கே என் பக்கத்து ஆட்களையும் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். உடைந்த ஒரு விரலுக்கு, தொலைந்த ஒரு கொம்புக்கு அச்சு எடுப்பது பழுதுபார்ப்பு. இன்னொருவர் ராப்பகலாகச் செதுக்கிய முழு உருவத்தை வாங்கி, அப்படியே அச்சு எடுத்து, நூறு வார்த்து, பாதி விலைக்கு விற்பது திருட்டு. "அவன் ஜப்பான்ல இருக்கான், அவனுக்கு என்ன தெரியும்" என்பது சமாதானம் ஆகாது. ஜப்பானிலேயே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1980-களின் நடுவில் தொடங்கிய வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற விழாவில், கையால் செதுக்கி ரெசினில் வார்க்கும் சாதாரண ரசிகர்களுக்குப் பாத்திரத்தின் உரிமையாளர்கள் அந்த ஒரு நாளுக்கு மட்டும் விற்பனை உரிமம் தருகிறார்கள். நம்மிடம் அப்படி ஏற்பாடு இல்லை என்றால், யாருடைய உருவம் என்று பெயர் சொல்லவாவது செய்யலாம், விற்காமலாவது இருக்கலாம். எங்கோ செய்த பொம்மைக்கு வில்லியனூர் பெயரை ஒட்டி விற்றால் நமக்குக் கோபம் வருகிறதா இல்லையா? அதே கோபம் இங்கேயும் வர வேண்டும்.

காசு தண்டம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொம்மைகளின் இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70 ஆக்கினார்கள். இந்த விலையில் வாங்கிய பொம்மையின் தோள் மூட்டு உடைந்தால் குப்பையில் போடுவது சிக்கனமா, ஒரு மூட்டு வார்த்துப் போடுவது சிக்கனமா?

இந்த வேலையில் நான் முக்கியமாகக் கருதுவது வேறு. நாம் நான்கு வருடம் இன்ஜினியரிங் படிக்கிறோம். வார்ப்பு பற்றி பத்து மார்க் கேள்விக்குப் படம் போட்டு அம்புக்குறி இடுவோம். அச்சில் காற்று வெளியேற வழி வைக்காவிட்டால் விரல் நுனியில் குமிழ் நிற்கும் என்பது ஒரு தடவை ஊற்றிப் பார்த்தால்தான் கைக்கு ஏறும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூட்டில் எனாமல் தின்னர் இறங்கினால் விரிசல் விடும் என்பதும், கெட்டியாக ஒரு கோட் அடிப்பதைவிட நீர்க்க நாலு கோட் அடிப்பது நல்லது என்பதும் அப்படித்தான்.

இதெல்லாம் கைக்கு ஏறியவன் இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறான். ஒட்டுக்கோடு தெரியாமல் ஒரு சின்னக் கையைத் தேய்த்து முடிக்க ஒரு சாயங்காலம் முழுசாகப் போகும் என்று தெரிந்தவன், வில்லியனூரில் ஒரு சுடுமண் குதிரையைக் கையில் எடுத்து "என்னங்க, வெறும் மண்ணுக்கு இவ்ளோவா?" என்று பேரம் பேச மாட்டான். குறியீட்டுச் சான்றிதழைக் காட்டிப் பெருமைப்பட்டுவிட்டு, ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறவர்கள்தான் நம்மை வெட்டிப்பயல் என்கிறார்கள். குயவர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால் "கலை அழியுதே" என்று புலம்பப் போவதும் இவர்கள்தான்.

ஆகவே நண்பர்களே, ரோபோ பிடித்தவர்கள் யாரும் ஒளிந்து செய்ய வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் வில்லியனூர்ப் பக்கம் ஒரு சுடுமண் பட்டறைக்குப் போய், உரிய காசு கொடுத்து, இரண்டு பாதி அச்சு எப்படிப் பிரியும் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ரெசின் கையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதில் குறை இருந்தால் அவர்கள் சொல்வார்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பெயின்ட் பிரஷ்ஷே பிடிக்காதவர் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்கி: ரெசின் வேலையை மொட்டைமாடியில், காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது. பாலியெஸ்டர் ரெசின் என்றால் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பற்றும். பெயின்ட் அடித்த பொம்மையை வாயில் வைக்கும் வயசுக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.