விட்டு விட்டுப் போகும் நெட்



வயர் வழியாக வரும் இன்டர்நெட் ஒரேயடியாக நின்றுபோனால் சமாளித்துவிடலாம். போன் செய்வோம், ஆள் வருவார், சரியாகும். விட்டு விட்டுப் போவதுதான் பெரும் தொல்லை. ஆன்லைன் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் அந்த அரை நிமிடமே போதும், எல்லாம் கெட்டுப்போகும். ஆனால் லைன்மேன் வந்து நிற்கும்போது நெட் ஒழுங்காக ஓடும். "சரியாத்தானே சார் இருக்கு" என்பார். அவர் மேல் குற்றமில்லை. கோளாறு அவர் கண்ணில் படவில்லை.

ஆகவே நெட் போகும் அந்த நேரத்திலேயே, அது எங்கே அறுகிறது என்று நாம்தான் பார்த்தாக வேண்டும். கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, அங்கிருந்து கம்பெனி வரை இன்னொரு துண்டு. இதைப் பிரித்துக் காட்டுவதற்கு பிங் இருக்கிறது. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் எழுதிய சின்ன நிரல். இந்த வேலைக்கு இன்றும் இதைத்தான் முதலில் சொல்வேன். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1), மற்றதில் கூகுளின் 8.8.8.8-க்கும் பிங் ஓடவிடுங்கள். முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். நெட் போகும்போது இரண்டுக்குமே பதில் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் பதில் சொல்ல, 8.8.8.8 மட்டும் மௌனமானால் பெரும்பாலும் வெளியே.

வீட்டுக்குள் என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அதற்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடியாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கும் வேண்டும். அதனால் ஒரு கம்பி லேசாக விட்டுப்போனாலும் பல நேரங்களில் இணைப்பு முழுதாகச் சாவதில்லை. 1000-லிருந்து 100-க்கு இறங்கும். அப்படி மாறும் சில நொடிகள் நெட் இருக்காது. ரவுட்டரும் கணினியும் ஜிகாபிட்டாக இருந்தும் லிங்க் ஸ்பீடு 100 என்றே காட்டினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். நாற்காலிச் சக்கரம் ஏறிய இடம், கதவிடுக்கில் நசுங்கிய இடம், எலி கடித்த இடம், கிளிப் உடைந்து ஆடும் பிளக் எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் இருப்பது செப்புப் பூசிய அலுமினியம். அடிக்கடி வளைத்தால் முறிந்துவிடும். கடையில் முழுச் செப்புக் கம்பிதானா என்று கேட்டே வாங்குங்கள்.

புதுக் கேபிள் போட்டும் தீரவில்லையா? ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகுங்கள். அடுத்து, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் மின்சேமிப்பு வசதிகளை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்றே தெரியாது.

வெளியே என்று தெரிந்தால் ஒரு தாளில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதி வையுங்கள். ஃபைபர் இணைப்பில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் கம்பியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள், அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழிக்கு ஆகாது.

அந்தத் தாளோடும் படத்தோடும் புகார் கொடுங்கள், புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் கோளாறு எங்கே பிடிபட்டது என்று எங்களுக்கும் எழுதுங்கள். இதே தொல்லையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்