பெட்டி மாட்டியவர்கள் மே மாதத்தில் எங்கே?

மார்ச் 20 வந்துவிட்டால் எல்லார் ஃபோனிலும் சிட்டுக்குருவி பறக்கும். பள்ளிக்கூடத்தில் கூட்டுப் பெட்டி கொடுப்பார்கள், கையில் பிடித்து ஃபோட்டோ எடுப்பார்கள், பால்கனிக் கம்பியில் கட்டுவார்கள். உலகச் சிட்டுக்குருவி நாள் 2010இல் தொடங்கியது. சரி, பெட்டியைக் கட்டியாச்சு. அப்புறம்? அக்னி நட்சத்திரத்தில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது பார்த்தோமா?

செஞ்சி வெயிலைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ராஜகிரிப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் கக்கும். பக்கத்துத் தொண்டூரிலும் அதே பாறை, அதே வெயில். அங்கே ஒரு கான்கிரீட் வீட்டின் மேற்குச் சுவரில் தகரப் பெட்டியையோ பழைய பெயின்ட் டப்பாவையோ மாட்டினால், மதியம் மூன்று மணிக்கு அது அடுப்பு. உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பொரித்த முதல் சில நாட்களில் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனும் வந்திருக்காது. தாய் பறந்து நிழலுக்குப் போய்விடும். குஞ்சு எங்கே போகும்?

ஓட்டு வீட்டு உத்திரத்திலும் தாழ்வாரத்திலும் கூடு கட்டிய காலத்தில் குருவிக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. மேலே ஓடு, கீழே நிழல், நடுவில் காற்று. அதையெல்லாம் இடித்துவிட்டு ஒரு டப்பாவை நீட்டுகிறோம். வேறு பொந்து கிடைக்காத குருவி நம்பி உள்ளே வருகிறது. நல்ல இடம்போலத் தெரிந்து உயிரைக் குடிக்கும் இடத்தைச் சூழலியலில் பொறி என்பார்கள். எலிப்பொறிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதை நாம் அன்போடு வைக்கிறோம்.

இதைச் சரியாகச் செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். வட அமெரிக்காவில் ஊதா மார்ட்டின் என்றொரு தகைவிலான் இனம் உண்டு. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே அது ஏறக்குறைய முழுவதுமாக மனிதர் தரும் கூடுகளில்தான் முட்டையிடுகிறது. வெள்ளைக்காரர்கள் போவதற்கு முன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் அதற்காகச் சுரைக்குடுக்கையைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். நம் தோட்டத்தில் காய்க்கும் அதே சுரைதான். இன்றைக்கும் மார்ட்டின் வளர்ப்பவர்கள் குடுக்கைக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிறார்கள், வெயிலைத் திருப்பி அனுப்ப. கழுத்துப் பக்கம் காற்றுத் துளை, அடியில் தண்ணீர் வடியத் துளை. கம்பத்தில் கப்பி போட்டு, கூட்டைக் கீழே இறக்கி வாராவாரம் பார்க்கிறார்கள். ஈரமோ உண்ணியோ இருந்தால் பழைய கூட்டை எடுத்துவிட்டுக் காய்ந்த மரச்சீவலைப் போட்டுக் குஞ்சுகளைத் திரும்ப வைக்கிறார்கள். தங்களை அவர்கள் வீட்டுக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, அவர்கள் குடுக்கைக்குள் புகுந்து மார்ட்டினை விரட்டும் வில்லன் நம் சிட்டுக்குருவிதான். 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுபோய் விட்டது.

அமெரிக்காவுக்குப் போவானேன்? தொண்டூர்ப் பாறையில் சமண முனிவர்களுக்கு வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல சமணக் குகைகளில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருப்பார்கள். இடம் கொடுத்தவர்கள், அதில் படுப்பவரின் முதுகையும் தலைக்கு மேல் வரும் தண்ணீரையும் சேர்த்தே யோசித்தார்கள். ஒரு பெட்டிக்கு நாம் அவ்வளவுகூட யோசிக்கவில்லை.

“ஏதோ செய்றாங்க, அதையும் குறை சொல்லணுமா?” என்று கேட்பீர்கள். சொல்லணும். ஒன்றும் செய்யாதவனால் குருவி பெட்டிக்குள் வேகவில்லை. “கை பட்டா தாய் குஞ்சை விட்டுடும்” என்பது இன்னொரு சாக்கு. வாராவாரம் கையில் எடுத்துப் பார்க்கப்படும் மார்ட்டின் குஞ்சுகளைத் தாய்கள் விட்டுவிட்டுப் போவதில்லை. செல்ஃபோன் டவர்மீது பழிபோடுவது எல்லாவற்றையும்விட வசதி, நாம் எதுவும் செய்ய வேண்டாம். 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி 25 ஆண்டுகளாக ஓரளவு நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் குருவி உண்டு. அதைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நாமே கெடுக்காமல் இருந்தால் போதும்.

பாரதி அரிசி போட்ட கதையைச் சொல்லிக் கண் கலங்குகிறோம். குஞ்சுக்கு வேண்டியது அரிசி அல்ல, புழு. முதல் நாட்களில் தாய் ஊட்டுவது பெரும்பாலும் பூச்சிகளைத்தான். குஞ்சுக்குத் தண்ணீரும் அதிலிருந்தே கிடைக்கிறது. வாசல் முழுக்க சிமென்ட் பூசி, செடிக்கு மருந்தும் அடித்துவிட்டுப் பெட்டி மாட்டுவது, சோறில்லாத வீட்டை வாடகைக்கு விடுவதுபோல.

ஆகவே, மாட்டுவதென்றால் தடித்த மரப்பலகையில் செய்யுங்கள். தகரமும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். கூரை இறவாணத்துக்குக் கீழே, வடக்கு அல்லது கிழக்குப் பார்த்து, மதிய வெயில் படாத இடத்தில் வையுங்கள். மேல்விளிம்பை ஒட்டிக் காற்றுத் துளை, அடியில் வடிகால் துளை. வெளிப்புறம் சுண்ணாம்பு அடியுங்கள், மொட்டை மாடிக்கு அடிக்கிறோமே அதேதான். குஞ்சுகள் பறந்து போனதும் பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நிழலான இடம் இல்லையா, மாட்டாதீர்கள். ஒரு வேம்பு வையுங்கள், ஒரு மூலையில் மண் தரையை விட்டுவையுங்கள்.

அடுத்த மார்ச் 20க்கு உங்கள் பெட்டியின் ஃபோட்டோ வேண்டாம். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அதன்மேல் கை வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காத சூட்டைக் குஞ்சும் தாங்காது. அன்றைக்கே கழற்றி இடம் மாற்றக்கூடாது, உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்தால் தாய் குழம்பிவிடும். அதற்கு மேலே ஒரு கீற்றைச் சார்த்தி நிழல் கொடுங்கள்.